எனக்கு வலிக்கிறது: தமிழ்வழி ஆங்கிலக் கையேடுகளில் நோயாளியின் மொழி

தமிழ்வழி ஆங்கிலம் கற்பிக்கும் கையேடுகளில் கடைத்தெரு, வங்கி, தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றுக்கான உரையாடல்களை அடுத்து 'மருத்துவரிடம்' என்னும் பாடம் பெரும்பாலும் இடம்பெறுகிறது. அதன் அமைப்பு பழகிப்போன ஒன்று. முதலில் உடலுறுப்புகளின் பட்டியல். அடுத்து நோய்ப்பெயர்களின் பட்டியல். இறுதியில் நோயாளியும் மருத்துவரும் மாறிமாறிப் பேசும் பத்துப் பதினைந்து வாக்கியங்கள். ஆங்கில வாக்கியம், தமிழெழுத்தில் அதன் ஒலிப்பு, அதற்கு நேரான தமிழ் என்று பக்கம் மூன்றாகப் பிரிந்திருக்கும். நோயாளி தமக்குக் காய்ச்சல் என்பார்; எத்தனை நாளாக என்று மருத்துவர் கேட்பார்; நாக்கை நீட்டச் சொல்வார்; மருந்து எழுதித் தருவார்; நோயாளி நன்றி கூறிக் கட்டணம் எவ்வளவு என்பார். இப்பாடத்தின் நோயாளிக்கு நோய் ஒன்றுதான். அதற்குப் பெயர் உண்டு. அப்பெயர் அவருக்கு முன்பே தெரியும். சொல்லக் கூச்சப்பட வேண்டிய எதுவும் அவருக்கு இல்லை.

இத்தகைய நூல்களை மதிப்பிடும்போது இலக்கணத் திருத்தம், ஒலிப்புத் திருத்தம் ஆகிய அளவுகோல்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. நோய் பற்றிய பாடத்துக்கு அவை போதா. கடையில் ஒரு சொல் தவறினால் வேறொரு பொருள் கைக்கு வரும்; அதைத் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவரோ நோயாளி சொல்லும் வரலாற்றைக் கொண்டே எந்தச் சோதனையைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்கிறார். நோயாளியின் சொல் அங்குச் சான்றாகிறது. ஆகவே பாடம் கற்பிக்கும் வாக்கியம் சரியா என்பதோடு, அந்த வாக்கியத்தின் வழியே நோயாளியின் உடல்நிலை மருத்துவரைச் சென்றடைகிறதா என்பதையும் கேட்க வேண்டியுள்ளது. அவ்வாறு கேட்டால், இக்கையேடுகள் தீங்கற்ற பிழைகளைத் திருத்துவதில் முனைந்து, தீங்கு விளைக்கக்கூடிய பிழைகளைத் தாமே கற்பித்துவிடுகின்றன என்பது புலப்படும்.

'எனக்கு' என்னும் தொடக்கம்

தமிழில் நோய் பற்றிய கூற்று பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் தொடங்குகிறது. எனக்குக் காய்ச்சல், எனக்குத் தலை வலிக்கிறது, எனக்கு மயக்கம் வருகிறது, எனக்கு மூச்சு வாங்குகிறது. நோயுற்றவர் இவ்வாக்கியங்களில் எழுவாய் அல்லர். வலியோ தலையோ மூச்சோ எழுவாயாக நிற்க, அது வந்து சேரும் இடமாக மனிதர் நிற்கிறார். கொடை, பகை, நேர்ச்சி, தகவு முதலாக நன்னூல் அடுக்கும் நான்காம் வேற்றுமைப் பொருள்களில் உடலின் துய்ப்புக்கு எனத் தனிப்பெயர் இல்லை. 'முதலியன' என்பதற்குள் அதை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயினும் அன்றாடப் பேச்சில் இவ்வேற்றுமை பெரிதும் பயில்வது பசியிலும் வலியிலுந்தான்.

ஆங்கிலமோ இவ்விடத்தில் ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுவதில்லை. தலைவலிக்கு 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்'. கால் வலிக்கு 'மை லெக் ஹர்ட்ஸ்'. தலைச்சுற்றலுக்கு 'ஐ ஃபீல் டிஸி'. களைப்புக்கு 'ஐ ஆம் டயர்ட்'. உடைமை, உறுப்பின் செயல், உணர்வு, நிலை என நான்கு வெவ்வேறு அமைப்புகள். கையேடுகள் இவ்வேறுபாட்டை விளக்குவதில்லை. வாக்கியங்களை மனப்பாடத்துக்கு விட்டுவிடுகின்றன. பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்ல நேரும்போது கற்பவர் தமிழின் 'எனக்கு' என்பதையே ஆங்கிலத்தில் தேடுகிறார்; 'டு மீ' என்று தொடங்கித் திணறுகிறார். 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்பது 'ஹவ் இஸ் யுவர் பாடி?' ஆவதும் இந்த வழியில்தான். தமிழில் நலம் விசாரிப்பது உடம்பை; ஆங்கிலத்தில் விசாரிப்பது ஆளை.

இவை யாவும் நகைப்புக்கு இடமானவை, ஆனால் தீங்கற்றவை. 'இரண்டு நாளாகக் காய்ச்சல்' என்பதற்கு 'சின்ஸ் டூ டேஸ்' என்று சொன்னால் எந்த மருத்துவரும் புரிந்துகொள்வார். 'ஃபார் டூ டேஸ்' என்று திருத்துவதில் ஆசிரியர்கள் செலவிடும் நேரம் மொழிப்பாடத்துக்கு முறையானதே. நோயாளிக்கு அதனால் பெரிய நன்மை இல்லை. 'வாந்தி வருகிறது' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறும். வாந்தி வரும்போல இருக்கிறது என்பதும் இதன் பொருள். தொடர்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் இதன் பொருள். தமிழில் பேசும் மருத்துவர் 'வருகிறதா, எடுத்தீர்களா?' என்று ஒரு கேள்வியில் தெளிந்துவிடுவார். ஆங்கிலத்தில் குமட்டலும் வாந்தியும் தனித்தனிச் சொற்கள். இரண்டுக்கும் 'வாமிட்டிங்' என்றே கற்றவர், ஒருமுறையேனும் எடுக்காத வாந்தியை எடுத்ததாகக் கூறிவிடுகிறார். இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. கையேடுகள் 'சிக்' என்பதற்கு 'நோயுற்ற' என்று பொருள் தருகின்றன. அமெரிக்கப் பேச்சில் அது பொருந்தும். பிரித்தானியப் பேச்சில் 'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது. 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்றால் நேற்றிரவு வாந்தி எடுத்தேன். உடம்பு சரியில்லை என்று பொதுவாகச் சொல்ல எண்ணிய தமிழர், இலண்டனில் வயிற்றைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

கை, கால், இடுப்பு

உடலுறுப்புப் பட்டியல் இப்பாடத்தில் மிக எளியதாகத் தோன்றும் பகுதி. கை என்றால் 'ஹேண்ட்', கால் என்றால் 'லெக்' என்பது தொடக்கப்பள்ளியிலேயே பதிந்துவிடுகிறது. தமிழில் கை என்பது தோளிலிருந்து விரல்நுனி வரை. முழங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை யாவும் அதனுள் அடங்கும். ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' மணிக்கட்டுக்கு இப்பால் மட்டுமே. மேலே உள்ளது 'ஆர்ம்'. காலும் இத்தகையதே. பாதம் 'ஃபுட்', அதற்கு மேல் 'லெக்'. 'கால் வீங்கியிருக்கிறது' என்ற தமிழ் வாக்கியத்தோடு விரல் பாதத்தையோ கெண்டைக்காலையோ சுட்டிவிடும். தொலைபேசியில் பேசும்போதும் படிவத்தில் எழுதும்போதும் விரல் இல்லை. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்குவது நாளத்தில் குருதி உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். இரு பாதங்களும் வீங்குவது இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பற்றிய ஐயத்தை எழுப்பும். இவ்விரண்டும் 'மை லெக் இஸ் ஸ்வாலன்' என்னும் ஒரே வாக்கியத்தில் மறைந்துவிடுகின்றன.

இடுப்பு இன்னும் தெளிவான சான்று. பட்டியல்கள் அதற்கு 'ஹிப்' என்றோ 'வெய்ஸ்ட்' என்றோ நிகர் தருவது வழக்கம். தமிழ்ப்பேச்சில் இடுப்பு வலி என்பது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியில் தோன்றும் வலி. கருவுற்ற பெண் சொன்னால் பேற்றுவலி. 'ஹிப் பெயின்' என்று கேட்கும் ஆங்கில மருத்துவர் தொடையெலும்பு இடுப்போடு பொருந்தும் மூட்டை நினைப்பார். அந்த மூட்டைப் படமெடுக்கவும் சொல்வார். நோயாளி சொல்ல வேண்டியிருந்தது 'லோயர் பேக் பெயின்'. பட்டியல் தந்த நிகர் அகராதிப்படி பிழையில்லாதது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. உறுப்பின் பெயருக்கு உறுப்பின் பெயர் பொருந்துகிறது. வலியின் இடத்துக்கு வலியின் இடம் பொருந்தவில்லை.

நெஞ்சு என்ற சொல்லில் மார்பும் இதயமும் மனமும் கலந்திருப்பதை இலக்கிய மாணவர் நன்கறிவர். நெஞ்செரிச்சலுக்கு ஆங்கிலத்தில் 'ஹார்ட்பர்ன்' என்ற சொல் இருப்பது வியப்பான ஒற்றுமை. இரண்டு மொழிகளும் இரைப்பை அமிலத்தின் குற்றத்தை இதயத்தின்மேல் சுமத்துகின்றன. ஆனால் சொல்லைப் பிரித்துப் பொருள் காணப் பழகிய கற்பவர் 'ஹார்ட்பர்ன்' என்பதை இதயநோயாகக் கொள்வதற்கும், இதயத்தின் வலியை நெஞ்செரிச்சல் என்று எண்ணி 'ஹார்ட்பர்ன்' எனச் சொல்வதற்கும் வாய்ப்புண்டு. பின்னதே ஆபத்தானது. மாரடைப்பு வந்தோரில் சிலர் அதை எரிச்சலாகவே உணர்கின்றனர்.

வலியின் வினைச்சொற்கள்

1975ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்தது. எவ்வளவு வலி என்று மட்டும் கேட்காமல் எத்தகைய வலி என்று கேட்க வேண்டும், அதற்கான சொற்கள் நோயாளிகளின் பேச்சிலேயே உள்ளன என்பது அம்முயற்சியின் அடிப்படை. தெறிக்கும் வலி, குத்தும் வலி, எரியும் வலி, பிசையும் வலி ஆகியவை வெவ்வேறு காரணங்களை நோக்கி மருத்துவரை நடத்துகின்றன.

இந்த நோக்கில் கையேட்டுப் பாடத்தைப் பார்த்தால் அதில் 'பெயின்' என்னும் ஒரே சொல் எல்லா வேலையையும் செய்வது தெரியவரும். தமிழ் நோயாளியோ வலியை வினைச்சொல்லால் சொல்லிப் பழகியவர். பல் விண்விண்ணென்று தெறிக்கிறது, விலா குத்துகிறது, வயிற்றைப் பிசைகிறது, முறுக்குகிறது, காது குடைகிறது, தோள்பட்டை இழுக்கிறது, கால் உளைகிறது, பாதம் மதமதக்கிறது, கண் உறுத்துகிறது, தொண்டை கரகரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, உடம்பு வெடவெடக்கிறது, தோல் நமநமக்கிறது. இலக்கண நூல்கள் இரட்டைக்கிளவி என்று வகைப்படுத்தி, பள்ளித் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு உரியதாக ஒதுக்கிவைத்த சொற்கள் இங்கு நோய்க்குறி சொல்லும் சொற்களாக இயங்குகின்றன. விண்விண் என்பது நாடித்துடிப்போடு ஒத்து எழுந்து அடங்கும் வலி. சீழ் கட்டிய பல்லுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் பொருந்தும். மதமதப்பு உணர்வு குறைவதைச் சொல்வது. நீரிழிவு உள்ளவர் பாதத்தைப் பற்றி இச்சொல்லைப் பயன்படுத்தினால் நரம்புச் சேதத்தை எண்ண வேண்டும். இதே நோயாளி ஆங்கிலம் கற்றபின் இரண்டையும் 'பெயின்' என்கிறார். மதமதப்பு வலியே அன்று. அது வலியின் இன்மை.

இதைத் தமிழின் சொல்வளம் என்று கொண்டாடி நிறுத்துவது எளிது. அதனால் பயனில்லை. ஆங்கிலத்திலும் இவற்றுள் பலவற்றுக்கு நேர்ச்சொற்கள் உள்ளன: தெறிப்புக்கு 'த்ராபிங்', குத்தலுக்கு 'ஸ்டாபிங்', பிசைவுக்கு 'க்ராம்பிங்', எரிச்சலுக்கு 'பர்னிங்', மதமதப்புக்கு 'நம்', ஊசி ஏற்றுவது போன்ற உணர்வுக்கு 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. அரைப்பக்கத்தில் அடங்கும் இப்பட்டியலுக்கு இடம் தராமல், பலர் வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லத் தேவைப்படாத நோய்ப்பெயர்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கப்படுவதே குறை. நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. நோயாளியின் வேலை உணர்வைச் சொல்வது. பாடம் இவ்விருவரின் வேலையையும் இடம் மாற்றிவிட்டது.

நிகர் காண்பது கடினமான சொற்களும் உள்ளன. கடுப்பு அவற்றுள் ஒன்று. நீர்க்கடுப்பில் அது சிறுநீர் கழிக்கையில் தோன்றும் எரிச்சல். வயிற்றுக்கடுப்பில் மலம் கழிந்தபின்னும் தீராத முக்கல். கை கடுக்கிறது என்றால் உழைப்பின் அயர்ச்சி. (இளைஞர் பேச்சில் 'கடுப்பாக இருக்கிறது' என்பது எரிச்சலூட்டும் மனிதரைப் பற்றியது, மருத்துவர் கவலைப்பட வேண்டியதில்லை.) சூடு, வாயு, பித்தம் ஆகியவை வேறொரு மருத்துவ மரபின் வகைப்பாட்டிலிருந்து பேச்சுக்கு வந்தவை. 'உடம்பு சூடாகிவிட்டது' என்பதை 'மை பாடி இஸ் ஹாட்' என்று பெயர்த்தால் மருத்துவர் வெப்பமானியை எடுப்பார்; அது 98.6 காட்டும், நோயாளி பொய் சொல்வதாகவோ மிகைப்படுத்துவதாகவோ அவருக்குத் தோன்றும். தமிழர் சூடு என்னும்போது உணர்வது கண்ணெரிச்சல், வாய்ப்புண், மஞ்சளாகிக் கடுக்கும் சிறுநீர் ஆகியவற்றை. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லக் கற்பதே வழி. இங்குத் தேவைப்படுவது மொழிபெயர்ப்பன்று. பொதுச்சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரித்துரைக்கும் பயிற்சி.

முன்பே தெரிந்த ஆங்கிலம்

ஆங்கிலம் கற்பவருக்கு ஆங்கிலம் புதிது என்பது கையேடுகளின் எடுகோள். நோயைப் பொறுத்தவரை அது உண்மையன்று. எழுதப் படிக்கத் தெரியாத தமிழ் நோயாளியும் சுகர், பிரஷர், ஸ்கேன், ஆப்பரேஷன், வீசிங், ஃபிட்ஸ், லூஸ் மோஷன், கேஸ், அல்சர், அட்மிட், டிரிப்ஸ் என்று பேசுகிறார். 2020இல் தொற்றுப் பரவியபோது பாசிட்டிவ், நெகட்டிவ், குவாரண்டைன், ஆக்சிஜன் லெவல் என்பன எந்தப் பாடநூலின் துணையுமின்றி ஊர்தோறும் பரவின. சிக்கல் இச்சொற்கள் தெரியாமையால் எழவில்லை. தமிழுக்குள் வந்தபின் இவை பெற்ற பொருள் வேறு என்பதால் எழுகிறது. 'எனக்குச் சுகர் இருக்கிறது' என்பது தமிழில் முழுமையான வாக்கியம். 'ஐ ஹேவ் சுகர்' என்பது சமையலறையில் சர்க்கரை இருப்பதைச் சொல்லும் வாக்கியம். 'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்பதும் அவ்வாறே. அந்தச் சுரப்பி எல்லோருக்கும் கழுத்தில் இருப்பது. அது மிகையாகச் சுரக்கிறதா, குறைவாகச் சுரக்கிறதா என்பதில் மருந்தே எதிரெதிராக மாறும். வயிற்றின் மேற்பகுதியில் எரிச்சல் கண்டவரெல்லாம் 'அல்சர்' என்கின்றனர். ஆங்கிலத்தில் அச்சொல் புண் இருப்பது உறுதியான நிலையைக் குறிக்கும்.

இக்கடன்சொற்கள் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றின என்பதை ஆராய நன்னூல் கூறும் தகுதி வழக்கு உதவுகிறது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றும் சொல்லத் தகாததை, சொல்ல விரும்பாததை, தம் குழுவுக்கு வெளியே தெரியக் கூடாததை வேறு சொல்லால் சொல்லும் முறைகள். 'கால் கழுவி வந்தான்' என்பதும் சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் தட்டார் பொன்னைப் 'பறி' என்பதும் பழைய எடுத்துக்காட்டுகள். இன்றைய தமிழ் மருத்துவமனையில் மூன்று வேலைகளையும் ஆங்கிலமே செய்கிறது. மோஷன், யூரின், பீரியட்ஸ் என்பன இடக்கரடக்கல். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் இல்லாமையால் அன்று, இருப்பதாலேயே ஆங்கிலம் தேவைப்பட்டது. இறந்தார் என்பதற்கு 'எக்ஸ்பயர் ஆகிவிட்டார்' என்பது மங்கலம். அம்மை நோயைத் தெய்வத்தின் வருகையாகவும் கொப்புளத்தை முத்தாகவும் சொன்ன மரபின் புதிய வடிவம் எனலாம். மருந்துச்சீட்டில் உள்ள பிடி, டிடிஎஸ், எஸ்ஓஎஸ் ஆகியவை குழூஉக்குறி. இலத்தீன் தொடர்களின் சுருக்கமான இவை நாளுக்கு இருமுறை, மும்முறை, தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள்படும். எஸ்ஓஎஸ் என்பதைக் கப்பலின் அபயக்குரலாக மட்டும் அறிந்த ஒருவர் அந்த மாத்திரையை அவசர மருந்தென்று அஞ்சக்கூடும்.

கையேட்டுப் பாடங்கள் இம்மூன்றில் எதையும் தொடுவதில்லை. மிகப் பெரிய மௌனம் பெண்ணுடலைப் பற்றியது. உரையாடலின் நோயாளி காய்ச்சல் வந்த ஆணாகவே பெரும்பாலும் இருப்பதால், மாதவிடாயும் கருவுறுதலும் வெள்ளைப்படுதலும் பாடத்துக்குள் வருவதில்லை. தமிழ்ப்பெண்கள் இவற்றைச் சொல்லும் முறையோ இடக்கரடக்கலின் உச்சம். 'நாள் தள்ளிப்போயிருக்கிறது', 'வீட்டுக்கு விலக்கு', 'தலைக்குக் குளிக்கவில்லை', 'முழுகாமல் இருக்கிறாள்' ஆகிய தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நாட்காட்டியைப் பற்றியும் குளியலைப் பற்றியும் பேசுவதாகவே முடியும். கருவின் வயது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. கருவுற்ற பெண்ணின் மருத்துவப் படிவங்களில் 'எல்எம்பி' என்ற மூன்றெழுத்துக்கு எதிரே அந்நாளை எழுத வேண்டும். ஒரு பெண்ணுக்கு நோய்ப் பாடத்திலிருந்து கட்டாயம் தேவைப்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று உண்டென்றால் அது இந்த மூன்றெழுத்தின் விரிவு. அது இல்லாத பாடம் பாதி மக்களுக்கான பாடமே.

ஆங்கிலம் எங்கே தேவைப்படுகிறது

பாடத்தின் களமும் ஐயத்துக்குரியது. தமிழ்நாட்டின் சிற்றூரிலும் நகரத்திலும் நோயாளி மருத்துவரிடம் தமிழில் பேசுகிறார். மருத்துவரும் தமிழில் விடையளிக்கிறார். ஆங்கிலம் குடியிருப்பது காகிதத்தில். மருந்துச்சீட்டு, இரத்தச் சோதனை முடிவு, ஒப்புதல் படிவம், மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் சுருக்கக் குறிப்பு ஆகியவற்றை வீட்டில் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளைதான். அவர் கற்ற கையேடு பேச்சாங்கிலத்தைக் கற்பித்தது. கையில் இருப்பதோ எழுத்தாங்கிலம். ஸ்கேன் அறிக்கையில் 'அன்ரிமார்க்கபிள்' என்றிருந்தால் குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை என்று பொருள். அகராதி பார்க்கும் பிள்ளைக்கு அது சிறப்பற்றது என்று தோன்றும். 'நெகட்டிவ்' என்பது இழப்பாகவும் 'பாசிட்டிவ்' என்பது நன்மையாகவும் பொதுப்பேச்சில் பழகிய வீட்டில், சோதனை முடிவு தலைகீழாகப் படிக்கப்படுகிறது. 'டிஸ்சார்ஜ்' வீட்டுக்கு அனுப்புவதையும் குறிக்கும். புண்ணிலிருந்து வடியும் நீரையும் குறிக்கும். மருந்தின் பெயரை எளிதாகப் படிக்கும்படியும் இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் தன் நெறிமுறையைத் திருத்தியது. எழுத்தைப் படிக்க முடிவது முதற்படி. 'பிசி' என்றால் உணவுக்குப் பின் என்று அறிவது அடுத்த படி. இரண்டாம் படிக்குப் பாடநூல் இல்லை.

பேச்சாங்கிலம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் வேறு. அயல்நாட்டில் பிள்ளைகளோடு தங்கும் முதியோர் ஒரு சாரார். இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை சில எளிய உண்மைகள்: பிரித்தானியாவில் 'சர்ஜரி' என்பது அறுவை மட்டுமன்று, பொதுமருத்துவரின் கூடமும் அதுவே, இந்தியாவில் பாரசிட்டமால் எனப்படும் மருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் அசிட்டமினோஃபென் என்னும் பெயரில் விற்கப்படுகிறது. இரண்டையும் வெவ்வேறு மருந்தென்று கருதி ஒருசேர உட்கொண்டால் அளவு மிஞ்சிக் கல்லீரல் கெடும்.

மற்றொரு சாரார் செவிலியர். 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான தொழில்சார் ஆங்கிலத் தேர்வான ஓஇடி, செவிலியர் ஒருவர் நோயாளியோடு பேசும் காட்சியை நடித்துக்காட்டச் செய்து பேச்சுத்திறனை அளக்கிறது. பிரித்தானியச் செவிலியர் மன்றம் 2017 முதல் அதனை ஏற்றுக்கொண்டுள்ளது. செவிலியர்க்கு மருத்துவக் கலைச்சொல் ஆங்கிலத்திலேயே தெரியும். அவர் படித்ததே ஆங்கிலத்தில். அவரைத் தடுமாறச் செய்வது முதிய நோயாளியின் வீட்டுப்பேச்சு. 'ஃபீலிங் பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. 'டம்மி' என்றால் வயிறு. 'வாட்டர்வொர்க்ஸ்' என்றால் சிறுநீர் கழிப்பது. ஆங்கிலேயரும் இடக்கரடக்கலில் பின்தங்கியவர் அல்லர். தமிழ்ப்பெண்ணின் 'முழுகாமல் இருத்தல்' ஆங்கில மருத்துவரைத் திகைக்கச் செய்வது போலவே, இலண்டன் முதியவரின் 'வாட்டர்வொர்க்ஸ்' தமிழ்ச் செவிலியரைத் திகைக்கச் செய்கிறது.

நோயாளி மருத்துவரின் மொழியைக் கற்க வேண்டும் என்பதே கையேடுகளின் கேள்விக்குட்படாத நிலைப்பாடு. தமிழில் இதற்கு எதிர்த்திசையில் நடந்த முயற்சி ஒன்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் பணியாற்றித் தமிழைக் கற்று, மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அப்பணியில் உருவானவை. அவற்றின் கலைச்சொற்களில் வடமொழியின் செறிவு மிகுதி. நோயாளியின் பேச்சிலிருந்து அவையும் தொலைவில் நின்றன என்று குறை கூற இடமுண்டு. ஆயினும் மொழியைக் கற்கும் சுமையை மருத்துவத்தின் பக்கம் அவர் ஏற்றுக்கொண்டார்.

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் தொடக்கத்தில் உள்ள அடித்தளப் படிப்பு, வட்டார மொழிப் பயிற்சியையும் ஆங்கிலப் பயிற்சியையும் ஒருங்கே கொண்டுள்ளது. பிற மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் படிக்க வரும் மாணவர்க்கு அங்குத் தேவைப்படும் தமிழ், எழுவாய் பயனிலைப் பாடம் அன்று. விண்விண்ணென்று தெறிப்பது எது, மதமதப்பது எது, இடுப்பு எங்கே இருக்கிறது, நாள் தள்ளிப்போனது என்றால் என்ன என்பனவே அவர் அறிய வேண்டியவை. கையேட்டில் விடுபட்ட அதே அரைப்பக்கப் பட்டியல்தான் அது. ஆங்கிலப் பத்தியிலிருந்து தமிழ்ப் பத்தியை நோக்கிப் படிக்க வேண்டும், அவ்வளவே.